தக்காளி வருஷத்துச் சாட்சி

அந்த வருஷம் எங்கள் ஊரில் மாடுகள்கூடத் தக்காளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. காகிதம் கிடைத்தாலும் மெல்லுகிற மாடு, பழுத்த பழத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார வைக்கப்பட்ட சம்பந்தி மாதிரி தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அதற்குமேல் அதை வற்புறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

விலை விழுந்தது என்று செய்தியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும். எங்களுக்குக் கேட்டதெல்லாம் கடத்தூர்ச் சாலையில் வண்டிச் சக்கரங்கள் சிவப்பின்மேல் ஏறி இறங்கிய ஓசைதான். ஈரத் துணியைக் கையால் அழுத்துவது போன்ற ஓசை. சாலையோரம் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. வெயில் ஏற ஏறப் புளிப்பு வாடையும் ஏறியது. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் நடுவில் இருப்பவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குள் வேறு கதை. காலையில் தக்காளிச் சட்னி, மதியம் தக்காளிச் சாதம், இரவு தக்காளி ரசம். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு. நான் கடத்தூரில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் மதிய மணி அடித்ததும் டப்பாக்கள் வரிசையாகத் திறக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சூரியன் உதிக்கும். கணக்கு டீச்சர் மட்டும் ஒருநாள் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தாள். அன்று முழுக்க அவளை ஜமீன் வீட்டுப் பெண் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, சும்மாவாவது கொடுத்துவிடலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே. கூடையோடு தெருவில் இறங்கினால் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். "வூட்ல ஆளில்லைங்க!" என்று ஆளே உள்ளேயிருந்து கத்திய வீடுகள் உண்டு. ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் யாரோ ஒரு பை நிறையத் தக்காளி வைத்துவிட்டு ஓடியிருந்தார்கள். என் கணவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம தோட்டத்துதுதான். போன வாரம் நான் குடுத்துட்டு வந்தது. ஊரச் சுத்திட்டு வூட்டுக்கு வந்திருக்குது."

அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் பாதி ஆயுசு வேலை பார்த்தவர். கம்பெனி விருப்ப ஓய்வு என்று ஒன்றைக் கொண்டுவந்து, விருப்பம் யாருடையது என்று சொல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டது. அப்பா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பினார். சொட்டுநீர்க் குழாய் போட்டார். செடிக்குச் செடி குச்சி நட்டு, சணல் கட்டி, மாலையில் வரப்பில் நின்று அவற்றைப் பார்ப்பார். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வளர்ந்த காலத்தில் அவருக்கு இரவு ஷிஃப்ட். செடிகள் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கொத்துக் கொத்தாகக் காய்த்தன. எங்களுக்குக் காய்த்த அதே வாரத்தில் மாவட்டத்தில் எல்லோருக்கும் காய்த்தன.

மண்டிக்குப் போன வண்டி, போனது போலவே பெட்டி நிறையத் திரும்பி வந்தது. அவர் இறங்கி, கால் கழுவி, தண்ணீர் குடித்தார்.

"எறக்கவே விடலைங்களா?" என்றேன்.

"எறக்குனா எறக்குகூலி நான் குடுக்கணுமாம். சரி, தக்காளி பாவம், இவ்ளோ தூரம் வந்துச்சேன்னு தருமபுரிய ஒரு சுத்துச் சுத்திக் காட்டிட்டுக் கூட்டியாந்துட்டன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த ஞாயிறு நான் கோவிலுக்குக் கிளம்பியபோது அவர் சட்டை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஆண்டவருக்கும் எனக்கும் இப்போதைக்குப் பேச்சுவார்த்த இல்ல" என்றார். பங்காளிச் சண்டையைப் பற்றிச் சொல்வது போன்ற குரல்தான். வாய்விட்டு ஜெபிக்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. எங்கள் வீட்டில் அது என் இலாகா. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து, கடைசி பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். அவர் வாழ்க்கையில் பேச்சைவிட வருகைதான் பெரிய வார்த்தை. அந்த வருகை நின்றுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பேசாமல் இருக்க ஆரம்பித்தவர்கள் பேசாமலே செத்தும் போயிருக்கிறார்கள்.

என் கதை வேறு. நான் ஆண்டவரிடம் அளவுக்குமேல் பேசுகிறவள். பொடிப் பொடியாக வசனகவிதை எழுதுகிற கை. எதைத் தொட்டாலும் அலங்காரம் ஒட்டிக்கொள்ளும். என் ஜெபத்தில் வானம் வரும், பனித்துளி வரும், தொப்பூர்க் கணவாய்க் காற்று வரும். இதனால் எங்கள் சபையில் எனக்கு ஒரு பேர் உண்டு.

அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்தில் விளைந்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பீடத்தின் படியில் வைக்கும். பிறகு சிலர் எழுந்து, அந்த வருஷம் ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சபைமுன் சொல்வார்கள். சாட்சி என்று பெயர். ஆராதனை முடிந்ததும் படைத்த பொருள்களை ஏலம் விடுவார்கள்.

சாட்சிக்கு எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. துன்பத்தில் தொடங்க வேண்டும். நடுவில் கண்ணீர் வரலாம். முடிவில் ஜெயம் வந்தே தீர வேண்டும். வியாதி என்றால் குணமாகியிருக்க வேண்டும். வேலை போயிற்று என்றால் அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்க வேண்டும். இன்னும் கிடைக்காதவர்கள், கிடைக்கிற வரைக்கும் பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவழியில் நிற்கும் துன்பத்துக்கு மைக் கிடையாது.

இந்த இலக்கணத்தில் நான் தேர்ந்தவள். போர்வெல் காற்றை மட்டும் கக்கிய வருஷத்தில்கூட, அந்தப் புழுதியை ஒரு தூபம் மாதிரி வர்ணித்து முன்வரிசையை அழ வைத்திருக்கிறேன். அழுகை நீண்டுபோவதால் கமிட்டி கூடி ஒரு மணி வாங்கி வைத்தது. பெண்கள் சங்கத்துச் செயலாளர் அக்கா அந்த மணியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். பேச்சு நீண்டால் அடிப்பார். ஜெயம் வருவதற்குள் மணி வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் ஜெயம் கிடையாது.

பண்டிகைக்கு முந்தின வாரம் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தார். இளவயது மனிதர். எங்கள் சபைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்னும் எல்லோரையும் நம்புகிற பருவம்.

"டீச்சர், இந்த வருசம் சேலத்துல இருந்து பெரிய ஐயா பிரசங்கத்துக்கு வர்றாரு. நீங்கதான் கடைசிச் சாட்சி. ஜனங்க மனசு ஒடஞ்சி கெடக்குது. உங்க வாயால நாலு வார்த்த கேட்டா எழுந்து நிப்பாங்க."

சரி என்றேன். சரி என்று சொல்லிப் பழகிய வாய். அவர் கிளம்பும்போது, முற்றத்தில் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து, ஒரு பை தக்காளியை எடுத்துப் போதகரின் வண்டிக் கைப்பிடியில் மாட்டிவிட்டார்.

"அண்ணா, வூட்ல ஏற்கெனவே..."

"சபையில எத்தன குடும்பமோ அத்தன பை இருக்கும். தெரியுமுங்க. இன்னொன்னு."

வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, நான் அன்னிக்கி வர்றன்."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவர் முடிக்கவில்லை.

"நீ என்னா சொல்றன்னு கேக்கத்தான் வர்றன். அங்க நின்னுக்கிட்டு, 'தக்காளி போச்சு, சமாதானம் வந்துச்சு'ன்னு ஒரு கவித கட்டுனீன்னு வெச்சிக்கோ, அதோட நான் கோயிலுக்கு வர்றத நிறுத்திக்குவன். எனக்கு ஒரு சமாதானமும் வர்ல. வந்திருந்தா என்கிட்டதான வந்திருக்கும்? நான்தான வூட்லயே கெடக்கறன்."

இப்படி மாட்டிக்கொண்டேன். அழகாகப் பேசினால் அவரை இழப்பேன். பேசாவிட்டால், மனசு உடைந்து கிடக்கிற சபையை இன்னும் கொஞ்சம் உடைப்பேன், அதுவும் சேலத்து ஐயா முன்னால். இரண்டுக்கும் நடுவில், யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று என் தொண்டையில் மீன்முள் போல நின்றது: எனக்கே நன்றி இருக்கிறதா? ஆண்டவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நல்லவர் மண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தாரா என்பதுதான் தெரியவில்லை.

எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது. தோட்டத்தின் சிவப்பையும் சிலுவையின் சிவப்பையும் ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தினேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் கணவர், "சட்னின்னும் ஒரு வார்த்த சேத்துக்க, சிவப்பு கொறையுது" என்றார். அதை விட்டுவிட்டு, மண்ணில் விழுந்து அழிகிற விதைதானே முளைக்கிறது என்று ஆரம்பித்தேன். "அது நெல்லுக்குப் பொருந்தும். தக்காளி அழுகுனா நாத்தந்தான் வரும், போயி ரோட்டுல பாரு." இப்படி ஒரு விமரிசகர் வீட்டிலேயே இருந்தால் எந்த இலக்கியம் பிழைக்கும்? ஆனாலும் அந்த விதையை விட மனசு வரவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பண்டிகை ஞாயிறு வந்தது. கோவில் வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம், தூண்களில் கரும்பு, விட்டத்தில் கேழ்வரகுக் கதிர்க் கொத்துகள். வழக்கமாகப் பீடத்தின் படிகள் ஒரு சந்தை மாதிரி இருக்கும்: அவரை, கொள்ளு, நிலக்கடலை, தேங்காய், கூடை முட்டை. அந்த வருஷம் ஒரே நிறம். விற்க முடியாததைக் கடவுளுக்குக் கொடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து கொடுத்தால் அந்தச் சங்கடம் கொஞ்சம் குறைகிறது. ஒருவர் கூடையை ஒருவர் பார்க்காமல் கொண்டுவந்து வைத்தோம். படிகள் நிறைந்தன. படிகளுக்கு மேல் குவிந்தது. சிவப்பு மலைக்குப் பக்கத்தில் ஒரு பரங்கிக்காயும், காலில் கயிறு கட்டிய ஒரு சேவலும், அழைப்பில்லாத விருந்தாளிகள் போல ஒதுங்கி இருந்தன.

சபை மூப்பர் மொரப்பூர் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசும் குரலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். மைக்கைப் பிடித்து, "தக்காளி கொண்டு வந்திருப்பவர்களின் கனிவான கவனத்திற்கு! பீடத்தின் வலதுபுறம் நிரம்பிவிட்டது. இடதுபுறமாக வரவும்" என்றார். கூட்டம் ஒழுங்காக இடதுபுறம் நகர்ந்தது.

சேலத்துப் பெரிய ஐயா வெள்ளை அங்கியில் வந்து சேர்ந்தார். தலைப்பு, நிறைவான விளைச்சல். வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வந்த பிரசங்கம். எங்கள் மாவட்டச் செய்தி அவர் வீட்டுக்கு வரவில்லை போலிருக்கிறது. சிவப்பு மலையைக் கை நீட்டிக் காட்டி, "இதோ பாருங்கள்! ஆண்டவர் உங்கள் விளைச்சலை இன்னும் பெருகப் பண்ணுவார்!" என்றார்.

"வேணாங்க ஐயா, போதும்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சபை கைக்குட்டைக்குள் சிரித்தது. தோள்கள் குலுங்குவதைப் பார்த்த ஐயா அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, "இரட்டிப்பாகப் பெருகும்!" என்றார். "ஐயய்யோ" என்று பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது.

பிறகு ஜெபம். எல்லோரும் கண்களை மூடினோம். அமைதி. பொத் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. பொத், பொத். யாரும் கண் திறக்கவில்லை. திறந்தால் பார்த்துவிட்டோம் என்றாகிவிடும். மலை சரிகிறது என்பது எல்லோருக்கும் காதில் தெரிந்தது. நடுப்பாதையில் தக்காளிகள் உருண்டு வந்தன. ஒன்று என் பாதத்தில் மோதி, மன்னிப்புக் கேட்பது போல நின்றது. போதகர் ஜெபத்தை நிறுத்தாமல், குரலை மட்டும் ஒரு கட்டை உயர்த்திக்கொண்டு, அங்கிக்குள்ளிருந்து ஒரு காலை நீட்டி மலைக்கு அணை போட்டார். ஆமென் சொன்னபோது அவர் நின்ற கோலம், நாட்டியத்தில் பாதியில் மறந்துபோன அபிநயம் மாதிரி இருந்தது.

சாட்சி நேரம். இரண்டு பேர் பேசினார்கள். இருவருக்கும் மணிக்கு முன்பே ஜெயம் வந்துவிட்டது. மூன்றாவதாக எழுந்தவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். எங்கள் வண்டி திரும்பிய அதே நாளில் அவர் வண்டியும் மண்டியிலிருந்து திரும்பியது. அன்று அவர் தரகரையும் வானத்தையும் அரசாங்கத்தையும் தக்காளியின் தாயாரையும் திட்டிய திட்டை, பஸ்ஸுக்காகக் காத்திருந்த பாதிச் சபை காதாரக் கேட்டது.

"எவ்ளோ நட்டம் வந்தாலும் நான் ஒரு தடவ கூட முணுமுணுக்கலைங்க" என்று ஆரம்பித்தார்.

சேவல் கூவியது.

கோவிலுக்குள் சேவல் கூவினால் கிறிஸ்தவர்களுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் வரும். ஏசுவைப் பிடித்துப்போன அன்று, அவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சாதித்தான் ஒரு சீடன். சேவல் கூவியதும் தன் பொய் உறைத்து வெளியே போய் அழுதான். தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த கதை. சபை மொத்தமும் தரையைப் பார்த்தது.

அண்ணன் சேவலைப் பார்க்காமல் தொடர்ந்தார். "சந்தோசமாத்தான் வூட்டுக்குத் திரும்பி வந்தன்."

சேவல் மறுபடியும் கூவியது.

மூன்றாவதற்கு வாய்ப்புக் கொடுக்காமல் "ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் எடுத்துவிட்டது.

அடுத்தது நான்.

நடந்து போகும்போது வாசலைப் பார்த்தேன். என் கணவர் உள்ளே வரவில்லை. நிலையில் சாய்ந்து நின்றார். ஒரு காலில் செருப்பைக் கழற்றியிருந்தார், ஒரு காலில் மாட்டியிருந்தார். எந்தக் கால் ஜெயிக்கும் என்று அவருக்கும் தெரியாது போலிருந்தது.

மைக்குக்கு முன் நின்று தாளைப் பிரித்தேன். என் எழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். சேவல் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என்னை ஏறிட்டுப் பார்த்தது. அது பசியில் பார்த்திருக்கலாம். ஆனால் நான் தாளை மடித்துவிட்டேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றேன். குரல் நடுங்கியது, வழக்கமாக நான் வரவழைத்துக்கொள்ளும் நடுக்கம் வேறு, இது வேறு. "நல்லா எழுதி எடுத்துக்கிட்டு வந்தன். நல்லாத்தான் இருக்குது. ஆனா நெசமில்லைங்க. எங்க வூட்ல இப்ப நன்றி இல்ல. கோவந்தான் இருக்குது. வூட்டுக்காரரு ஆண்டவருகிட்டப் பேசறதில்ல. நான் பேசறன், பல்லக் கடிச்சிக்கிட்டுப் பேசறன். நாங்க ஒழுங்காத்தான தண்ணி உட்டோம், ஒழுங்காத்தான களையெடுத்தோம், ஏன் சாமி இப்படின்னு கேக்கறன். பதிலு வர்ல. பதிலு வந்த பொறவுதான் இங்க வந்து நிக்கணும்னா, நான் இன்னிக்கி வந்திருக்கக் கூடாது. வந்துட்டன். வேற எங்க போயிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. அவ்ளோதாங்க."

விட்டத்துக் கேழ்வரகுக் கதிர் அசையும் சத்தம் கேட்டது. போதகர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி வைத்திருந்த அக்கா, இந்த இடத்தில் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"முடிஞ்சிச்சா கண்ணு?"

"முடிஞ்சிச்சுக்கா."

"ஜெயம் எங்க?"

"இன்னும் வர்லக்கா."

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மைக் இருந்தது. சபை முழுக்கக் கேட்டது. அக்கா மணியைத் தரையில் வைத்தார். வைக்கும்போது அது தானாக ஒருமுறை அடித்தது. நிமிர்ந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நானும் ஒன்னு சொல்லிக்கறன். வருசா வருசம் என் முட்டி சொகமாயிருச்சின்னு இதே எடத்துல நின்னு சாட்சி சொல்றன். சொகமாவல. வலி உசுரு போவுது. அந்த வலியோட இவ்ளோ நேரம் நின்னுக்கிட்டு மணியடிக்கறனே, ஒருத்தராச்சும் ஒரு நாற்காலி போட்டீங்களா?"

பின்னாலிருந்து நான்கு நாற்காலிகள் ஒரே நேரத்தில் வந்தன.

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. சென்னையில் இருக்கிற மகன் போனே எடுப்பதில்லை என்றார் ஒருவர். பிரசங்கத்தில் தூக்கம் வருகிறது, வருஷக்கணக்காக ஜெபிக்கிறேன், போகவில்லை என்றார் இன்னொருவர். கல்யாணமாகாத பெண்ணைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சபைக்கே ஒரு அம்மா கட்டளை போட்டார். குறை சொல்லச் சொல்ல முகங்கள் தெளிந்தன. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். எவ்வளவோ ஜெயங்களைக் கேட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் யாரும் யாரையும் தொட்டதில்லை, கைதான் தட்டினோம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மறுபடியும் எழுந்தார். "முன்ன சொன்னதுல ஒரு சின்னத் திருத்தமுங்க. முணுமுணுக்கலன்னு சொன்னன். அது வாஸ்தவம். சத்தமாத்தான் திட்டனன்."

கோவில் கூரை பறந்துவிடுவது போலச் சிரித்தோம். சேவலைப் பார்த்தோம். அது மௌனமாக ஒரு தக்காளியைக் கொத்திக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அதை ஆசையாகத் தின்ற ஒரே ஜீவன்.

கடைசியில் சேலத்துப் பெரிய ஐயா எழுந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குக் கிட்னியில கல்லு. தக்காளியத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. காலையில இருந்து நாலு வீட்டுல டிபன் கொடுத்தீங்க. நாலு வீட்டுலயும் தக்காளி. அன்போட கொடுத்தீங்க, நானும் சாப்பிட்டேன். எனக்காகக் கொஞ்சம் ஜெபிச்சிக்கோங்க."

ஜெபித்தோம். அந்த ஜெபத்தில் பனித்துளி இல்லை, கணவாய்க் காற்று இல்லை. கல் கரையட்டும் என்று மட்டும் இருந்தது.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு, அதை நான் தென்னை மாதிரி ஒரு காரியம் என்று நினைத்திருந்தேன். நேராக, உயரமாக, காற்றில் தலையாட்டிக்கொண்டு. என் ஜெபமும் அப்படித்தான் வளர்ந்திருந்தது, நிழல் யாருக்கும் விழாத உயரத்தில். குச்சி முறிந்து தரையில் சாய்ந்துவிட்ட தக்காளிச் செடியைப் பார்த்திருக்கிறீர்களா? தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் புதிதாக வேர் விட்டிருக்கும். என் கணவர் ஒருமுறை தூக்கிக் காட்டினார். நிமிர்ந்து நின்ற வரைக்கும் அந்தத் தண்டுக்குள் வேர் இருந்தது அதற்கே தெரியாது. எனக்கு அன்று நடந்ததை இதற்குமேல் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மண்டி விலை மாறவில்லை. அக்காவின் முட்டி இன்றுவரை வலிக்கிறது. நான் இன்றும் ஜெபத்தில் வானத்தைக் கூப்பிடுகிறேன். நடுவில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ஏலம் நடந்தது. மூப்பர், "அடுத்ததாக, தக்காளி!" என்று அறிவித்தார். ஒரு கைகூட எழவில்லை. "தக்காளி, தக்காளி" என்று இரண்டு முறை தன் ரயில் குரலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வருகை காலவரையின்றித் தாமதமாகும்" என்று முடித்துவிட்டார். ஆண்டவருக்குப் படைத்ததை யாரும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது. மறுநாள் பெண்கள் சங்கம் கோவில் வளாகத்தில் அண்டா ஏற்றித் தொக்கு கிளறியது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி உத்தரவு போட்டார்.

ஆனால் அது மறுநாள். அன்று குறைகள் ஓடிக்கொண்டிருந்தபோது நான் வாசலைப் பார்க்கப் பயந்து பார்க்காமலே இருந்தேன். ஒருவழியாகத் துணிந்து திரும்பியபோது நிலையில் ஆளில்லை. மனசு பாதாளத்துக்குப் போயிற்று. பிறகுதான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பண்டிகை விருந்து தக்காளி பிரியாணி. வாடை வந்ததுமே, "வூட்டுக்குப் போலாம் வா" என்றார். வீட்டில் தயிர்ச் சோறு பிசைந்து, மோர்மிளகாய் வறுத்து வைத்தேன். வழக்கம் போல நன்றி சொல்ல நான் கண்ணை மூடினேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"இரு. நான் பேசிக்கறன்."

தொண்டையைச் செருமினார். தெரியாத அலுவலகத்துக்குப் போன் போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஆண்டவரே, நான்தான் பேசறன். ரொம்ப நாளாச்சி. எனக்குக் கோவம் இன்னும் போவலைங்க. தக்காளி விசயம் முடிஞ்சிப்போச்சின்னு நீங்க நெனச்சிக்க வேண்டாம், அத நான் உடறதா இல்ல. ஏன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். அதப் பத்தி நாளைக்கித் தோட்டத்துல பேசுவம். இப்பப் பசிக்குது. தயிர்ச் சோத்துக்கு நன்றிங்க."

அதோடு நிறுத்தி மோர்மிளகாயை எடுத்துக் கடித்தார். ஆமென் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ, சொன்னால் பேச்சு முடிந்ததாகிவிடும் என்று விட்டாரோ தெரியாது. நானும் சொல்லவில்லை. சாப்பிட ஆரம்பித்தோம்.